கழுதைக்குக் கீழே கையெழுத்து

கும்மிடிப்பூண்டி ரயிலில், பெண்கள் பெட்டியில், ஒரே கம்பெனிச் சீருடையில் இருவர் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்கள். இளையவள் திட்டிக்கொண்டே வந்தாள்.

“மேனேஜர கழுதையா வரைஞ்சது கூட பரவால்ல. கீழ உன் பேர வேற எழுதி வச்சிகிறியே, இன்னா அறிவுக்கா உனக்கு!”

“சின்ன வயசுல படிச்ச சிரிப்பு படக்கதைல எல்லாம் கீழ பேரு இருக்கும்டி. அத பாத்துதான் வரைய ஆரம்பிச்சேன், இன்னும் வுடல.”

“அது புக்கு. இது கேன்டீன் செவுரு. பத்து மணிக்கு விசாரணை. நான் வரையலன்னு சொல்லு, வேலையாவது மிஞ்சும்.”

“அப்புறம் வேற எவளாவது நான்தான் வரைஞ்சேன்னு சொல்லிக்குவா.”

“தொரத்திட்டா, அந்தக் கையெழுத்த போட்டு கொழம்பு வையி!”

மூத்தவள் கையிலிருந்த விசாரணைக் கடிதத்தைத் திருப்பி, திட்டுகிறவளின் திறந்த வாயை வரைந்தாள். மீஞ்சூர் தாண்டுவதற்குள் கீழே பெயரையும் எழுதிவிட்டாள்.