வெறுங்காலுக்குக் கட்டிய பரிவட்டம்

தலைமை தாங்கும் ஊர்ப்பெரியவர் சின்னுசாமி ஐயா அவர்களே, மலையேறி வந்து முகாம் நடத்தும் மருத்துவர்களே, வளப்பூர் நாட்டுத் தாய்மார்களே, ஊசிக்குப் பயந்து பலாமரத்தின் பின்னே பதுங்கியிருக்கும் பங்காளிகளே, தனபாலின் வணக்கம்.

கல்யாணத்தில் ஒரு குண்டுமணிகூட வாங்காதவன் என்று மார்தட்டியவன் நான். கடைசியில் மனைவி பாப்பாயியிடம் வாங்கினேன், ஒரு சிறுநீரகம். அந்தப் புது உறுப்பை என் உடம்பு விரட்டாதிருக்க, உள்ளே இருக்கும் எதிர்ப்புப் படையை அடக்கும் மாத்திரையை அன்றாடம் விழுங்குகிறேன். அடங்கியதா அந்தப் படை? போன ஆடியில் ஒரு வயிற்றுப்போக்கு வந்து போனது. வந்த கிருமியை அடிக்க வக்கில்லாத படை, என் சொந்த நரம்பை அடிக்க எழுந்தது. யாரப்பா அங்கே கைதட்டுவது? ராசப்பனா? உன் வரப்புத் தகராறைப் பற்றி நான் பேசவில்லை, உட்கார்.

முதலில் மரத்தது பாதம். கோயிலுக்கு நடந்தபோது வழியிலேயே இரண்டு செருப்பும் கழன்றிருக்கின்றன, எனக்குத் தெரியவில்லை. செருப்பைக் கழற்றும் கோயில் எல்லைக்கு வெகுதூரம் முன்பே வெறுங்காலோடு வருகிறானே என்று நம் தலைவர் உருகினார். உருகியவர் சும்மா இருந்தாரா? என் தலையில் பரிவட்டம் கட்டினார். பக்தி என்னும் சொல்லுக்கும் எனக்கும் என்ன உறவு என்று ஊருக்கே தெரியும். ஆனாலும் மரியாதையை யார் வேண்டாம் என்பார்கள்? நிமிர்ந்து நின்றேன். முழங்கால் மடிந்தது, விழுந்தேன். சாமி வந்துவிட்டது என்று பம்பையை ஓங்கி அடித்தார்கள். எழ முடியாமல் நான் கிடக்க, என்னிடமே குறி கேட்டார்கள்.

அப்போது செருப்பிரண்டையும் கையில் பிடித்தபடி பாப்பாயி வந்தாள்.

"ஏனுங்க, செருப்பு கழண்டது கூடவா தெரியில?"

"தெரியிலயே, பாப்பாயி."

"பம்பைய நிறுத்துங்க. சாமியுமில்ல, பூதமுமில்ல. ஜீப்ப எடுங்க."

ஆஸ்பத்திரி சேர்வதற்குள் கை விழுந்தது, மூச்சும் தளர்ந்தது. இன்னும் ஒரு பாட்டுக்குப் பம்பை அடித்திருந்தால், இன்று எனக்கு மாலை போட்டிருப்பீர்கள், படத்துக்கு. எல்லாம் அந்த மாத்திரையால் வந்த வினை, நிறுத்து என்றார்கள் உறவினர்கள். நிறுத்தினால் நான் கொடுத்த சிறுநீரகம் போய்விடும் என்று குறுக்கே நின்றாள் பாப்பாயி. மருத்துவரும் அதையே சொன்னார். நரம்புக்கு ஊசி மருந்து ஏறியது, மாத்திரையும் தொடர்ந்தது. குழந்தைபோல் நடை பழகினேன். அவளுக்கு முன்னால் அழுதேன். அதில் எனக்கு வெட்கமில்லை.

ஆகவே அன்பர்களே, கால் மரத்தால் கும்பிடாதீர்கள், கூட்டிப்போங்கள். கை தளர்ந்தால் குறி கேட்காதீர்கள், கூட்டிப்போங்கள். சாமி காத்திருக்கும், நரம்பு காத்திருக்காது.

இன்றும் வெறுங்காலோடுதான் நிற்கிறேன். தலைவர் ஐயா, அந்தத் துண்டைக் கீழே வையுங்கள். இன்று செருப்பைக் கழற்றியது என் கைதான். மேடை போட்ட அர்த்தனாரி பலகையில் ஓர் ஆணியை முழுக்க அடிக்காமல் விட்டிருக்கிறார். பேசத் தொடங்கியதிலிருந்து அது என் குதிகாலைக் குத்துகிறது. குத்துவது தெரிகிறதே, நகரவே மனம் வரவில்லை எனக்கு. அந்த ஆணிக்கும், முன்வரிசையில் என்னை முறைக்கும் பாப்பாயிக்கும், பொறுத்துக் கேட்ட உங்களுக்கும் நன்றி சொல்லி இறங்குகிறேன். வணக்கம்.