லோவாவின் பச்சைக் கவுன்

— மூச்சை உள்ள இழு, எகில்.

— இழுத்துட்டேன்.

— இதுவா இழுத்தது? ஜிப்பு பாதி முதுகுல நிக்குது. இன்னும் ஒரு சாண் திறந்து கெடக்கு.

— இதுக்கு மேல இழுத்தேன்னா, ஸ்வாவா, இன்னைக்கு டிவியில யூரோவிஷன் பாட்டுப்போட்டி பார்க்க நான் உயிரோட இருக்க மாட்டேன்.

— நல்லதுதான். அறுபத்தாறு வயசுல பொண்டாட்டி கவுனை மாட்டிக்கிட்டு நிக்கறவனுக்கு அதுதான் மரியாதை. இது லோவாவுக்குன்னு அளவெடுத்து நான் தைச்சது. கப்பல் எஞ்சினுக்கு உறை தைக்கலே.

— பிரிச்சு விட முடியாதா?

— ஓரத்துல நாலு விரக்கடை துணி விட்டு வெச்சிருக்கேன். உன் முதுகுக்கு அது மூக்குப்பொடி மாதிரி. வேற பச்சைத் துணி வீட்ல இருக்கா?

— சமையலறை ஜன்னல் திரை இருக்கு.

— அதுவும் நான் தைச்சதுதானே? இன்னுமா தொங்குது?

— மாத்தலாம்னு நான் ரெண்டு தடவை சொன்னேன். லோவா விடலே.

— சரி, நீ அசையாதே. உடம்பெல்லாம் குண்டூசி. நான் போய் அவுத்துக்கிட்டு வரேன். மணி என்ன?

— நாலரை. ஏழு மணிக்கு ஆரம்பிக்கறாங்க. ஆறரைக்கே ஊர் விருந்துக்கு இங்கே வந்து உட்கார்ந்துடும்.

— அஞ்சரைக்கு நான் போயிடுவேன். பின்வாசல் வழியா வந்தேன், அந்த வழியாவே போறேன். நான் வந்தது ஒருத்தருக்கும் தெரிய வேண்டாம்.

— இந்த ஊர்ல இருக்கறதே எழுபது பேர். நீ தையல் பெட்டியைத் தூக்கிக்கிட்டு ரோட்டைத் தாண்டினதை அறுபத்தெட்டு பேர் பார்த்திருப்பாங்க.

— மீதி ரெண்டு பேர்?

— நீயும் நானும்.

— பேச்சு மட்டும் குறையலே. ஏய், அடுப்புல என்னது? கருகுது பாரு!

— ஐயோ, லோவாவோட ரொட்டி! சீஸ் போட்டு வெச்சேன். இரு, நான்...

— நீ எங்கேயும் போக வேண்டாம், நானே எடுக்கறேன். ம், தப்பிச்சுது. ஓரம் மட்டும் கறுத்திருக்கு. சுரண்டி விட்டா தெரியாது.

— கைத்துணி எங்கேன்னு நீ கேக்கவே இல்லியே.

— எடம் மாறியிருந்தா கேட்டிருப்பேன். கம்முனு நில்லு, திரையை வெட்டி வெச்சுத் தைக்கப் போறேன். குத்தும்.

— ஆ!

— சொன்னேன்ல. இந்தக் கூத்து எதுக்குன்னு சொல்லு முதல்ல. லோவா போயி முழுசா ஆறு மாசம் ஆகலே.

— பந்தயம். "நம்ம நாடு ஜெயிக்கறதைப் பார்க்காம நான் போயிட்டேன்னா, அடுத்த விருந்துல நீ என் பச்சைக் கவுனைப் போட்டுக்கணும்"னு லோவா சொன்னா. நானும் சரின்னுட்டேன்.

— தோத்துடுவோம்னு தெரிஞ்சே சரின்னியா?

— ஆஸ்பத்திரிக் கட்டில்ல கெடக்கறவகிட்ட எதிர்த்தா பேசுவாங்க?

— இந்த வருஷம் நம்மாளு அரையிறுதியிலேயே மூட்டை கட்டியாச்சு. அப்புறமும் விருந்து.

— நாம என்னைக்கு ஜெயிக்கறதுக்காக விருந்து வெச்சோம்?

— எண்பத்தாறுல வெச்சோம். மறந்துட்டியா?

— அதை மறப்பேனா? நம்ம நாடு முதல் தடவையா பாடப் போகுது. ஜெயிச்ச நாட்டுலதானே அடுத்த வருஷப் போட்டி, அதை எந்த மண்டபத்துல வைக்கறதுன்னு கூட்டுறவுக் கடையில ரெண்டு பேர் சட்டையைப் பிடிச்சுக்கிட்டாங்களே!

— ஜெயிக்கறதுக்கு முன்னாடியே மண்டபம்! கடைசியில பதினாறாவது இடம்.

— இதே ஹால்ல எல்லாரும் எழவு வீடு மாதிரி உட்கார்ந்திருந்தோம். லோவா மட்டும் தரையில உருண்டு உருண்டு சிரிச்சா.

— "அடுத்த வருஷமும் இங்கேதான். ஆனா ஆளுக்கொரு நாடு சீட்டெடுத்து, வேஷம் கட்டிக்கிட்டு வாங்க. தோத்தாலும் ஜோரா தோப்போம்"னா. அவ சொல்லிட்டா. தைச்சது யாரு? ஒரே வாரத்துல பதினோரு நாடு! பாதிரியாருக்கு லக்ஸம்பர்க் சீட்டு வந்துடுச்சு. லக்ஸம்பர்க்காரன் என்ன உடுத்துவான்னு எனக்கென்ன தெரியும்? மேசை விரிப்பைச் சுத்தி அனுப்பினேன்.

— அவருக்குத்தானே அந்த வருஷம் முதல் பரிசு.

— இந்தக் கவுன் தொண்ணூத்தொம்போதுல தைச்சது. ரெண்டாவது இடம் வந்தோமே, அந்த வருஷம். அவ வெறுங்காலோட ஈரப்புல்லுல ஓடினா. நானும் பின்னாடியே ஓடினேன், "ஜிகினா உதிருதுடீ, நில்லுடீ"ன்னு கத்திக்கிட்டு. கையைத் தூக்கு. இன்னும் தூக்கு.

— ஸ்வாவா, உன் பேருக்கும் அவ வருஷா வருஷம் சீட்டெடுத்தா. தெரியுமா?

— என் பேருக்கா? யாரைக் கேட்டு?

— யாரைக் கேப்பா? எடுத்துச் சுவத்துல ஒட்டிடுவா. போன வருஷம் உனக்கு மால்டா.

— நான் வராத விருந்துக்கு எனக்கு ஒரு நாடு!

— ஒம்போது வருஷமா.

— பேச்சை மாத்து.

— மாத்த மாட்டேன். ஒம்போது வருஷமா மாத்தி மாத்தித்தான் இங்கே வந்து நிக்கறோம். அன்னைக்கு விருந்துல அவ நாட்டுக்குப் பதிலா உன்னை மாதிரி வேஷம் போட்டது தப்பு. சாம்பல் கலர் ஏப்ரன், கழுத்துல டேப்பு, வாயில குண்டூசி. நாங்க எல்லாரும் சிரிச்சோம். நானும் சிரிச்சேன். ஆனா அதுக்காக ஒம்போது வருஷம்...

— அதுக்காக இல்லை.

— பின்னே?

— சிரிச்சதுக்காக இல்லை, எகில். என் நடை, என் குரல், எல்லாத்தையும் அச்சா செஞ்சா. நானே சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். கடைசியில வாசலைப் பார்த்துக்கிட்டு, "வருவான், நார்வேயில வலையைக் காயப்போட்டுட்டு வருவான்"னு சொன்னா பாரு.

— ஆமா. அதுக்குத்தான் கைதட்டலே விழுந்துது. அவளே கட்டி விட்டதுன்னு நினைச்சேன்.

— என் வாய்ல வந்த வார்த்தை அது. என் புருஷன் என்னை விட்டுட்டு நார்வேக்குப் போன முதல் குளிர்காலத்துல, அவ மடியில தலை வெச்சுக்கிட்டுச் சொன்னது. உலகத்துல அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

— சத்தியமா எனக்குத் தெரியாது, ஸ்வாவா.

— உனக்கு எப்படித் தெரியும்? முதல் பரிசுன்னு அவ கையில கோப்பையைக் கொடுத்தாங்க. நான் கோட்டை எடுத்துக்கிட்டுப் போயிட்டேன்.

— மறுநாள் காலையில அந்தக் கோப்பையைக் கொண்டுபோய் கடல்ல வீசிட்டா. ஏன்னு கேட்டேன். சொல்லவே இல்லை. உன் வீட்டுக்கு மட்டும் மூணு தடவை வந்தா.

— தெரியும். மூணாவது தடவை நானும் கதவுக்குப் பின்னாடிதான் நின்னேன். அந்தப் பக்கம் அவ மூச்சு விடறது கேட்டுது. தாழ்ப்பாள் மேல கைகூட வெச்சுட்டேன். இன்னொரு தடவை தட்டினா திறந்துடலாம்னு நினைச்சேன்.

— தட்டலியா?

— போயிட்டா. நாளைக்கு அவ வருவான்னு இருந்தேன். அப்புறம் அந்த வாரம், அந்த மாசம்... ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு வீடு, அந்தப் பக்கம் ஒரு வீடு. கடையில அவ இருந்தா நான் வெளியே நிப்பேன், நான் இருந்தா அவ நிப்பா. கடைசியில சர்ச்சுல பார்த்தேன், பெட்டிக்குள்ள.

— கடைசி வரிசையில இருந்தே. அடக்கம் முடிஞ்சு வீட்டுல கொடுத்த காபிக்கு நீ வருவேன்னு பார்த்தேன்.

— எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு வருவேன்? திரும்பு. ஜிப்பைப் போடறேன். மூச்சை இழு.

— ஏறிடுச்சா?

— ஏறிடுச்சு.

— எப்படி இருக்கேன்?

— கரையேறின கடல்நாய் மாதிரி இருக்கே.

— லோவா பார்த்தா?

— தரையில உருண்டிருப்பா.

— ஸ்வாவா, அழறியா?

— கண்ணுல ஜிகினா விழுந்துடுச்சு. சரி, நான் கிளம்பறேன். மணி அஞ்சரை ஆகப்போகுது.

— இருந்துட்டுப் போயேன்.

— எப்படிடா இருப்பேன்? நாற்பது பேர் முன்னாடி, அவ உட்கார்ந்த சோபாவைப் பார்த்துக்கிட்டு? ஒண்ணு மட்டும் சொல்லு. டவுனுக்குப் போனா மூணு தையல் கடை இருக்கு. பந்தயத்துக்கு எவனாவது ஒருத்தன் தைச்சுக் கொடுத்திருப்பான். என்னை எதுக்குக் கூப்பிட்டே?

— பந்தயம்னு ஒண்ணும் கிடையாது, ஸ்வாவா. "காபிக்குக் கூப்பிட்டா அவ வரமாட்டா. என் கவுனுக்குள்ள உன் உடம்பை நுழைச்சுக்கிட்டு நில்லு, அவ தைச்ச தையல் தெறிக்குதுன்னு கேட்டா ஓடி வருவா. வந்தவளைத் திரும்பப் போக விடாதே"ன்னு சொல்லிட்டுத்தான் லோவா கண்ணை மூடினா.