இரண்டாம் பக்கத்துக்கு இன்னும் நான்கு நிமிடம்

இசைத்தட்டை ஓரத்தில்தான் பிடிக்க வேண்டும் சார். விரல் பிசுக்கு பள்ளத்தில் இறங்கினால் எந்தத் துணியாலும் எடுக்க முடியாது. சாட்சியப் பொருளாகிவிட்டாலும் தட்டு தட்டுதானே.

மொத்தம் முந்நூறு பிரதிகள். ஒவ்வொன்றிலும் என் கையாலேயே எண் எழுதினேன். மறுபதிப்பு கிடையாது. இந்த வகையை டார்க் ஆம்பியன்ட் என்பார்கள். பாட்டு இல்லை, தாளம் இல்லை. கேட்பவருக்கு இருட்டில் தனியாக மாட்டிக்கொண்டது போல இருக்க வேண்டும், அவ்வளவுதான். "பேய் வீட்டுக்குக் குடக்கூலி கட்டிக் குடிபோன மாதிரி இருக்குடா" என்று அண்ணன் கிண்டல் செய்வான்.

அண்ணனுக்கு நுரையீரல் கெட்டு மூன்று வருடம். அண்ணி வேலைக்குப் போனதும் பகல் முழுக்க நான்தான் பார்த்துக்கொண்டேன். குளிப்பாட்டினேன், ஊட்டிவிட்டேன். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அண்ணியையே கேளுங்கள். இப்போது என் பெயரை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறாளாம்.

இந்தத் தட்டுக்காக அவன் மூச்சைப் பதிவு செய்ய அவனே சம்மதித்தான். "இந்த இழுப்பாவது யாருக்காச்சும் பிரயோஜனப்படட்டும்" என்றான். ஒரே தொல்லை, ஆக்சிஜன் மெஷின். அதன் உறுமல் எல்லாவற்றிலும் விழுந்தது. பிறகு நீக்கப் பார்த்தால் மூச்சின் அடிக்குரலும் சேர்ந்தே போய்விடும். அதனால் ஐந்தைந்து நிமிடம் மெஷினை அணைத்துவிட்டுப் பதிவு செய்தோம். முதல் பக்கம் அப்படி ஒட்டிச் சேர்த்ததுதான். ஒட்டிய ஒவ்வொரு இடமும் என் காதில் குத்தியது. இரண்டாம் பக்கமாவது இருபத்திரண்டு நிமிடமும் ஒரே இழையாக வர வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

அன்று செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி. ஜன்னல்களைச் சாத்தி மெஷினை அணைத்தேன். வழக்கம்போல ஐந்து நிமிடம் என்றுதான் அவனிடம் சொன்னேன். ஏழாவது நிமிடத்தில் மூச்சு மாறியது. அப்படி ஓர் ஆழத்தை நான் கேட்டதே இல்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன். பதினெட்டாவது நிமிடத்தில் கையை நீட்டி, "போதும்டா... போடு" என்றான். நான் உதட்டில் விரலை வைத்துக் காட்டினேன். அதற்குப் பிறகு அவன் பேசவில்லை. அண்ணன் என்றாலும் நான் சொன்னால் கேட்பான்.

சுவிட்ச் இரண்டு எட்டில் இருந்தது. போட்டிருந்தால் இன்னும் ஒரு வருடம் இருந்திருப்பான் என்கிறார் டாக்டர். இருந்திருக்கலாம்.

இருபத்திரண்டு முடிந்ததும் மெஷினைப் போட்டேன். மூச்சு திரும்பவில்லை. அண்ணிக்குப் போன் செய்து அழுதேன். அந்த அழுகை நடிப்பில்லை சார், நம்புங்கள்.

அந்த இரண்டு வார்த்தையை வெட்டியிருந்தால் நீங்கள் இந்த வீட்டுப் படி ஏறியிருக்க மாட்டீர்கள். வெட்டினால் வெட்டிய இடம் கேட்கும். மனசு வரவில்லை. முதல் பிரதியை அண்ணிக்குத்தான் கொடுத்தேன். நின்றுகொண்டே இரண்டாம் பக்கத்தைக் கடைசிவரை கேட்டாள். "மெஷின் சத்தம் எங்க தம்பி?" என்று மட்டும் கேட்டாள்.

அண்ணனை நான்தான் கொன்றேன், எழுதிக்கொள்ளுங்கள். அவன் போடு என்ற பிறகு அந்த நான்கு நிமிடம் என்ன செய்தாய் என்கிறீர்கள். காது கொடுத்துக் கேட்டேன். அவன் வாழ்நாளில் அவனை அவ்வளவு கவனமாக யாரும் கேட்டதில்லை சார்.