ரோபோ இல்லை என்று நான் செய்த சத்தியம்

என்னைப் பேச அழைத்துவிட்டு இப்போது கடிகாரத்தைக் கவலையோடு பார்க்கும் தலைவர் அவர்களே! நீண்ட பேச்சுக்குச் சின்னக் குவளையில் தண்ணீர் வைத்த செயலாளர் அவர்களே! சொல்வதற்கு முன்பே சிரித்து என்னைக் காப்பாற்றும் பெரியோர்களே! சொல்லி முடித்தும் சிரிக்காமல் என்னைச் சோதிக்கும் தாய்மார்களே! முதல் வரிசை ஓரத்தில், நீல உடையில், நிமிர்ந்து, நெளியாமல் வீற்றிருக்கும் அம்மையார் அவர்களே!

ஏன் சிரிக்கிறீர்கள்? நான் இன்னும் நகைச்சுவையே தொடங்கவில்லையே!

வெட்கக்கேடான ஒன்றைச் சொல்லித்தான் தொடங்க வேண்டும். போன மாதம் ஒரு கம்ப்யூட்டர் என்னைப் பார்த்து, "நீ மனிதன்தானா?" என்று கேட்டது. "ஆம்" என்றேன். நம்பவில்லை. இதே கேள்வியை என் மனைவியும் கல்யாணமான நாள் முதல் கேட்டுவருகிறாள். ஆனால் அவள் பதிலுக்குக் காத்திருப்பதில்லை.

நடந்தது இதுதான். என் மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி, பஸ் டிரைவர். கண்ணில் புரை. மாத முடிவுக்குள் ஆபரேஷன் செய்துகொண்டு சர்டிபிகேட் கொண்டுவராவிட்டால் ஸ்டியரிங் கிடையாது, ஷெட்டில் உட்கார்ந்து டயர் எண்ண வேண்டியதுதான் என்று டிப்போ மேனேஜர் சொல்லிவிட்டார். பஸ்ஸை ஓட்டிய கை பழைய டயரை எண்ணுவதா? மனிதர் சோற்றில் கை வைக்காமல் உட்கார்ந்துவிட்டார்.

கண் ஆஸ்பத்திரியில் நேரம் வாங்க வேண்டுமென்றால் அவர்களுடைய வலைத்தளத்தில்தான் வாங்க வேண்டும். காலையில் திறக்கும், காப்பி ஆறுவதற்குள் தீர்ந்துவிடும். அந்த வாசலில் ஒரு காவல்காரன். ரோபோக்களை உள்ளே விடமாட்டானாம். ரோபோ என்றால் இரும்புக் கையும் இரும்புக் காலுமாக வருவதல்ல, தாய்மார்களே! உருவமே இல்லாத ஒரு புரோகிராம். விட்டால் ஒரே மூச்சில் எல்லா நேரத்தையும் வாரிச் சுருட்டிக்கொண்டு போய்விடும். அதனால் காவல்காரன் முதலில் 'நான் ரோபோ இல்லை' என்ற கட்டத்தைத் தொட்டுச் சத்தியம் செய்யச் சொல்கிறான்; சந்தேகம் வந்தால் படங்களைக் காட்டி, "பஸ் உள்ள கட்டங்களை எல்லாம் தொடு" என்கிறான்.

கண்ணுக்கு வைத்தியம் பார்க்க வருகிறவனிடம் மங்கலான படத்தைக் காட்டிப் பரீட்சை வைக்கும் மதிநுட்பத்தை என்னவென்று சொல்வேன்! கண் தெரிந்தால் அவன் ஏன் ஐயா உன் வாசலுக்கு வருகிறான்?

"கவலைப்படாத மச்சான்!" என்றேன். நான் யார்? அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். பட்டப்பெயர் கழுகு. காற்புள்ளி கால் இடறினாலும் கண்டுபிடிப்பேன். அண்மைக்காலமாகப் பிழைகளே என் கண்ணில் படுவதில்லை. எழுதுகிறவர்கள் திருந்திவிட்டார்கள்.

மௌஸைப் பிடித்தேன். மளமளவென்று தொட்டேன்.

"மாமா, அதை ஏன் அமுக்குனீங்க? அது..."

"புரை விழுந்த கண்ண வெச்சிக்கிட்டு எனக்குப் பாடம் எடுக்காத மச்சான்!"

"சரி மாமா, இந்த வண்டியாவது... இது பஸ்ஸே இல்ல, லாரிக்கு மேல கூடு கட்டியிருக்கான்!"

"நீ சும்மா இருய்யா!"

தோல்வி. மறுபடி. தோல்வி. மறுநாள் காலை. தோல்வி. ஒவ்வொரு காலையும் மச்சான் முகம் சுருங்கச் சுருங்க, எனக்கு ஆத்திரம் பெருகியது. வெளியூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் மகளுக்குப் போன் போட்டேன்.

"அப்பா, அந்தப் படம் மட்டும் இல்லப்பா. சில தளத்துல நீ மௌஸ எப்படி நகத்திட்டு வர்றேன்னே பாப்பான். ரோபோன்னா நேரா வரும், தயங்காம அமுக்கும். மனுஷன்னா கை அலையும், கொஞ்சம் யோசிப்பான், தடுமாறுவான்."

புரிந்துவிட்டது! பிழையற்றவன் நான், நேர்த்தியே உருவானவன் நான், அதனால் என்னை இயந்திரம் என்று எண்ணிவிட்டான்! மச்சானிடம் மார்தட்டிச் சொன்னேன். அவன், "உங்க பெருமைக்கு நான் டயர் எண்ணணுமா மாமா?" என்றான்.

அந்த நேரம் பார்த்து என் மனைவி துடைக்கிற துணியோடு வந்தாள். "ஏங்க, தள்ளுங்க. காப்பிக் கறை அப்படியே கிடக்கு." துடைத்தாள். மௌஸ் இங்கே ஓடியது, அங்கே ஓடியது, ஒரு வட்டம் அடித்தது, நின்றது. 'நான் ரோபோ இல்லை' என்ற கட்டத்தில் முழங்கை பட்டது. பச்சை டிக்! கதவு திறந்தது! படமும் இல்லை, பரீட்சையும் இல்லை. நின்ற நிலையிலேயே தம்பிக்கு நேரம் வாங்கிவிட்டு, "இதுக்கா இத்தனை நாளு?" என்று துணியை உதறிக்கொண்டு போய்விட்டாள்.

அன்பர்களே! மனிதன் யார்? தயங்குகிறவன் மனிதன்! தடுமாறுகிறவன் மனிதன்! தவறான கதவைத் தட்டிவிட்டு, "கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்று சமாளிக்கிறவன் மனிதன்! நேராய்ப் போவதற்கு நூல் போதும், நாம் எதற்கு? ஆகவே அலைவோம்! ஆகவே திணறுவோம்! பிழையே செய்யாத என்னைப் போன்ற பேறுபெற்றவர்கள்தான் வாசலிலேயே நிற்க வேண்டியிருக்கிறது!

கைதட்டலுக்கு நன்றி. இங்கேயே நான் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் என் மனைவி கூட்டத்தில் இருக்கிறாள். மிச்சத்தையும் சொல்லியாக வேண்டும்.

மச்சானோடு ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போனேன். படிவத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டேன். டாக்டரம்மா படிவத்தைப் பார்த்தார், மேஜையைப் பார்த்தார். "ஐயா, கையெழுத்து மேஜை மேல இருக்கு. நீங்களும் இப்படி உக்காருங்க" என்றார்.

மச்சானுக்கு ஒரு கண்ணில்தான் புரை. ஆபரேஷன் முடிந்து இன்று அவன் ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டான். எனக்கு இரண்டு கண்ணிலும்; அடுத்த வாரம் ஆபரேஷன்.

"பின்ன? தபால்பெட்டி, தள்ளுவண்டி எல்லாத்தையும் பஸ்ஸுன்னு அமுக்குனா எவன் உள்ள விடுவான்?" என்றாள் என் மனைவி.

பொறுமையோடு கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி. ஒருமுறைகூட அசையாமல் கேட்ட அந்த நீல உடை அம்மையாருக்குத் தனி நன்றி.

என்ன, செயலாளரே? காதில் சொல்லுங்கள்.

அப்படியா?

பெரியோர்களே, அது தண்ணீர் ட்ரம்மாம். வணக்கம்.