கிளாசும் மட்டையும்

இந்தக் காலத்து ஆட்களுக்கு ஒரு சிலந்தியைக் கொல்லத் தெரியாது. காலில் செருப்பு இருக்கும், அடிக்க மாட்டார்கள். ஒரு கிளாசைக் கவிழ்த்து மூடி, அடியில் மெதுவாக ஒரு கடுதாசி மட்டையைச் செருகி, சாமிக்குப் படையல் கொண்டுபோவது போல வெளியே கொண்டுபோய் விடுவார்கள். அது குளிரில் விறைத்துச் சாகும். ஆனால் இவர்கள் கண்ணுக்கு முன்னால் சாகாது, அதனால் பாவமில்லை. வெளியே விடுவதும் கொல்வதும் என் பார்வையில் ஒன்றுதான். செருப்பால் அடிக்கிறவன் ஒளிக்காமல் செய்கிறான், அவ்வளவுதான் வித்தியாசம்.

என் மருமகன் தவச்செல்வன் கிளாஸ்காரன்.

மனைவி தில்லைநாயகி போன பிறகு நான் வின்டர்தூரில் மகள் ஜெயகௌரியோடும் அவள் புருசன் தவத்தோடும் இருந்தேன். மூன்றாம் மாடி, பல்கனியோடு ஒட்டிய அறை என்னுடையது. புரட்டாதி பிறந்து வெயில் இளகினால் வெளியில் உள்ளதெல்லாம் உள்ளே இடம் தேடி வரும். யன்னல் சட்டத்துக்குள் புள்ளி வண்டுகள் குவியும். நசுக்கினால் நாறுகிற பழுப்புப் பூச்சி திரைச்சீலையில் ஏறும். குளியல் தொட்டிக்குள் உள்ளங்கை அகலச் சிலந்தி ஏற முடியாமல் வழுக்கிக்கொண்டிருக்கும். தவம் ஒவ்வொன்றையும் போனில் படம் பிடித்து, பெயர் கண்டுபிடித்து, எனக்கு வாசித்துக் காட்டுவான்.

"மாமா, பாவம் இது. பொம்பிளை தேடித் திரியுது."

"அதுக்கு என்ரை அறையே கிடைச்சது?"

"உங்கடை அறைதான் சூடு மாமா. அதுக்கும் விளங்குது."

சிரிப்பான். நல்ல பிள்ளை என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் இல்லை என்று சொல்லவில்லை.

அவனுக்குக் குளவி மட்டும் ஆகாது. முன்பு ஓர்லிகோனில் வேலைத்தளத்தில் ஒன்று கழுத்தில் கொட்டி, முகம் வீங்கி, மூச்சு அடைத்து, ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் உயிரை மீட்டார்கள். அதன் பிறகு ஒரு சிவப்புப் பை எப்போதும் நடையில், சப்பாத்து அலுமாரிக்கு மேலே கொளுக்கியில் தொங்கும். உள்ளே பேனா மாதிரி இரண்டு ஊசி. வெளியே போகும்போது எடுத்துப் போவான். ஜெயகௌரி எனக்கும் பழக்கினாள். முனையில்லாத பழகுகிற பேனாவைத் தந்து என் தொடையிலேயே குத்த வைத்தாள். "அப்பா, கை நடுங்கப்படாது. அமத்திப் பிடியுங்கோ" என்றாள். என் கை நடுங்கவில்லை. இன்டர்லாக்கனில் ஹோட்டல் குசினியில் காலமெல்லாம் கண்ணாடிக் கோப்பை கழுவிய கை.

தில்லைநாயகியின் திவசம் புரட்டாதியில் வரும். அவளுக்குச் சர்க்கரைப் புக்கை பிடிக்கும். படைத்த பிறகு ஒரு பிடி காகத்துக்கு வைக்க வேண்டும், காகம் வாய் வைத்த பிறகுதான் நாங்கள் சாப்பிடலாம். இனிப்புக்குக் குளவி வரும், பல்கனியில் வைக்க வேண்டாம் என்று தவம் கேட்டிருந்தான். அதனால் வருடா வருடம் அவனே என்னைக் காரில் காட்டோரம் கூட்டிப் போவான். நான் தட்டை வைத்துவிட்டுக் காகத்துக்குக் காத்து நிற்க, அவன் காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு இருப்பான். மாமியின் சோற்றுக்குப் பயந்து ஒளிக்கிறவன் என்றுதான் எனக்குப் படும்.

போன வருடம் ஆனியில் ஒருநாள் அடுப்பு எரிந்தபடி கிடந்தது என்றார்கள். நான்தான் மறந்தேன் என்றார்கள். யார் மறந்ததென்று யாருக்குத் தெரியும்? அதற்குப் பிறகு ஹைம் பேச்சு வந்தது. வயதானவர்களைக் கொண்டுபோய் வைக்கிற இடம்.

"நடந்து வாற தூரம்தான் மாமா. கௌரி ஒவ்வொரு நாளும் வருவா."

"அங்கை சோறு தருவினமோ?"

"தருவினம். உருளைக்கிழங்கைக் கறியெண்டு நினைச்சுச் சாப்பிடவேணும்."

நான் சிரிக்கவில்லை. "அவளின்ரை திவசத்துக்கு அங்கை ஆர் சமைக்கிறது? காகத்துக்கு ஆர் வைக்கிறது?"

"நான் கேக்கிறன் மாமா."

கேட்கிறேன் என்று சொல்கிறவன் கேட்க மாட்டான். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து எத்தனையோ பேர் எனக்காகக் கேட்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்கள். குளிர் தொடங்க முதல் நான் போவதென்று முடிவானது. முடிவெடுத்தவர்கள் இரண்டு பேரும் அழுதார்கள். கிளாசையும் மட்டையையும் அன்று நான் கண்ணால் கண்டேன்.

என் அறையின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே தகட்டுத் திரை ஒன்று உண்டு. இங்கே ஸ்டோரன் என்பார்கள். உள்ளே ஒரு கைபிடியைச் சுற்றினால் அது மேல் பெட்டியிலிருந்து இறங்கிக் கதவை மூடும். ஆவணி முழுக்க அந்தப் பெட்டிக்குள் ஒரு சத்தம். யாரோ பழைய பேப்பரை அவசரமில்லாமல் கிழிப்பது போல. கதிரையில் இருந்து பார்த்தேன். ஒன்று போக ஒன்றாகக் குளவிகள் இடுக்குக்குள் நுழைந்துகொண்டிருந்தன.

யாரும் என்னைக் கேட்கவில்லை. நான் சொல்லவில்லை. ஸ்டோரனை இறக்குவதை மட்டும் நிறுத்தினேன்.

"மாமா, வெளிச்சத்திலை நித்திரை வருதோ?" என்று தவம் ஒருநாள் கேட்டான்.

"வருது" என்றேன்.

திவசம் சனிக்கிழமை விழுந்தது. நல்ல வெயில். ஜெயகௌரி வேலைக்குப் போய்விட்டாள், மத்தியானம்தான் வருவாள். காலையிலேயே குளித்து, புக்கை பொங்கி, படத்துக்கு முன்னால் படைத்தேன். பிறகு காகத்துக்கான தட்டைப் பல்கனிக் கம்பியோரம் வைத்தேன்.

ஒரு விடயத்தைச் சொல்ல மறந்தேன். முதல் நாள் குளியலறையில் ஒரு பெரிய சிலந்தி கிடந்தது. நான் அதை அடிக்கவில்லை. என் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு கிளாசை எடுத்து மூடி, என் அறைக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்திருந்தேன். காலையிலும் உயிரோடுதான் இருந்தது.

"தம்பி, ஒருக்கா இஞ்சை வாரும்" என்று கூப்பிட்டேன்.

தவம் வந்தான். கிளாசைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "அடிக்கேல்லையோ மாமா?"

"அவளின்ரை திவசம். இண்டைக்கு ஒரு சீவனையும் கொல்லப்படாது."

அவன் முகம் ஒரு மாதிரி இளகியது. என் தோளில் கை வைத்தான். "மாமா, உங்களுக்கு ஒரு விசயம் சொல்லவேணும். ஹைம் விசயம்."

"முதல் இதைக் கொண்டுபோய் விடும்" என்றேன்.

மட்டையைச் செருகி இரண்டு கையாலும் தூக்கினான். கை இரண்டும் நிறைந்திருந்ததால் நான்தான் கதவைத் திறந்துவிட்டேன். நாலு எட்டு வைத்திருப்பான், தட்டைக் கண்டுவிட்டான். "மாமா, புக்கையை இஞ்சை ஏன்..." என்று திரும்பினான். நான் கதவைச் சாத்தினேன். வீட்டுக்குள் குளவி வரக்கூடாதல்லவா. அதற்காகவே கைபிடியையும் சுற்றினேன். கனநாள் சுற்றாததால் முதலில் இறுகி நின்றது. கொஞ்சம் பலமாகச் சுற்ற, மேலே பெட்டிக்குள் ஏதோ பிய்ந்தது. பிறகு ஸ்டோரன் சுகமாக இறங்கியது.

தகட்டில் தட்டினான். முதலில் "மாமா" என்றான். பிறகு "ஊசிப் பை, பை" என்றான். பிறகு தட்டுகிற சத்தம் மட்டும். அதுவும் அதிக நேரமில்லை. அறை இருட்டாக இருந்தது. கட்டிலில் உட்கார்ந்தேன், வயதுக்கு இவ்வளவு பதற்றம் கூடாது.

அதற்குப் பிறகு ஸ்டோரனை மேலே சுற்றிவிட்டு அம்புலன்சுக்கு அடித்தேன். எனக்குத் தெரிந்த குசினி ஜெர்மனில் ஒவ்வொரு சொல்லாக, அவர்கள் விளங்கும்படி சொன்னேன். நான் கூப்பிடவில்லை என்று ஒருவரும் சொல்ல முடியாது.

பொலிஸ் மரியாதையாக நடந்தது. பெட்டிக்குள் கூடு இருந்தது யாருக்கும் தெரியாதென்று முடிவெடுத்தார்கள். கிழவன் சடங்குக்கு இனிப்பை வைத்துவிட்டான், குளவிக்குப் பயந்து கதவையும் மூடிவிட்டான் என்று தங்களுக்குள் கதைத்தார்கள். ஒரு பெண் பொலிஸ் எனக்குத் தண்ணீர் தந்தாள். ஊசிப் பை எங்கே என்று கேட்டார்கள். கொளுக்கியில் பார்த்தேன், இருக்கவில்லை என்றேன். அது பொய்யில்லை. அங்கே இருக்கவில்லைதான்.

ஜெயகௌரி ஆஸ்பத்திரியில் செத்தவனோடு சண்டை பிடித்தாள். "எத்தினை தரம் சொன்னனான், பையை ஒரு இடத்திலை வையுங்கோ எண்டு? எங்கை எறிஞ்சனீங்கள்?" என்று அவன் நெஞ்சில் அடித்தாள். நான் அவளைப் பிடித்துக்கொண்டேன். துக்கத்தில் இருக்கிறவளோடு வாதாடக் கூடாது. இன்றைக்கும் அவள் அவனை மன்னிக்கவில்லை.

ஒற்றைச் சம்பளத்தில் அந்த வீட்டை வைத்திருக்க அவளால் முடியவில்லை. ஓர்லிகோனில் ஓர் அறை வீட்டுக்குப் போனாள். நான் இந்த ஹைமுக்கு வந்தேன்.

இன்று மறுபடி திவசம். நான் யாருக்கும் சொல்லவில்லை. காலையில் இங்கே வேலை செய்கிற ஜெனனி என்ற தமிழ்ப் பிள்ளை ஒரு தட்டோடு வந்தாள். சர்க்கரைப் புக்கை. ஏலக்காய் மணத்தது.

"அப்பு, இண்டைக்கு ஆச்சியின்ரை திவசமெல்லோ. நான்தான் காய்ச்சினனான், அடிப்பிடிச்சிருந்தால் ஆச்சியிட்டைச் சொல்லிப்போடாதேங்கோ. காகத்துக்கு இந்த யன்னல் பலகையிலை வைக்கலாம்."

"ஆர் உமக்குச் சொன்னது?"

"உங்கடை மருமகன். போன ஆவணியிலை இஞ்சை வந்து எங்கடை பொறுப்பாளரோடை கதைச்சவர். திவசத்துக்குச் சமைக்க விடவேணும், காகத்துக்கு வைக்க விடவேணும், இல்லாட்டி மாமா வரமாட்டார் எண்டு விடாப்பிடியா நிண்டவர். ஓம் எண்டு சொல்லும் மட்டும் கதிரையை விட்டு எழும்பேல்லை. திவசத்தண்டுதான் மாமாவுக்குச் சொல்லப்போறன் எண்டு சின்னப்பிள்ளை மாதிரிச் சிரிச்சவர்."

கதவுக்குப் பின்னால் என் கோட்டு தொங்கிக்கொண்டிருந்தது. அதன் உள்பையில் சிவப்புப் பை இருக்கிறது. அன்று புக்கைக்கு அடுப்பு மூட்ட முதலே கொளுக்கியிலிருந்து எடுத்து அங்கே வைத்தேன். அவன் தகட்டில் தட்டியபோதும் அந்தக் கோட்டு என் உடம்பில்தான் இருந்தது. இதைத்தான் யாரும் இதுவரை கேட்கவில்லை.

ஜெனனி யன்னலைத் திறந்து தட்டை வைத்தாள். எதிர்க் கூரையில் ஒரு காகம் கழுத்தைச் சரித்துப் பார்த்தது.

"வாங்கோ அப்பு, வந்து நில்லுங்கோ. நீங்கள் நிண்டால்தான் வரும்."

"யன்னலைச் சாத்தும் பிள்ளை, குளவி வரும்" என்று சொல்லிவிட்டு, கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு நடைக்கு வந்தேன். அவள் பின்னால் கூப்பிட்டாள். நான் திரும்பவில்லை. செத்தவனைப் பற்றி இந்தக் காலத்துப் பிள்ளைகள் இப்படித்தான் கதை கட்டுவார்கள். அவன் கேட்டிருக்க மாட்டான். கேட்டிருந்தால் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருப்பான்.