கறுப்புக்கு என்ன போடுவது?

— பச்சையில பஸ் போட ஏலாது, நரசிம்மன் அண்ணை. லண்டன் பஸ் சிவப்பு. சிவப்புச் சிப்பிலதான் பஸ் வரும்.

— தங்க ஃபாயில்லதானே அடிக்கப்போறே, குகா? பஸ்ஸும் தங்கமாத்தான் இருக்கப்போகுது. அடியில எந்தக் கலரா இருந்தா என்னப்பா?

— என்னண்டா, கையில எடுக்கேக்கை ஒரு பொருத்தம் வேணும். நாள் முழுக்கப் பேனையிலயும் சாவிக்கொத்திலயும் ஆற்றையோ கொம்பனிப் பேரை அடிக்கிறவன் நான். இது எங்கட சீட்டாட்டத்துக்கெண்டு அடிக்கப்போறது. சனிக்கிழமை மிஷினை எடுத்துப் பாவிக்கலாம் எண்டு முதலாளி சொல்லிப்போட்டார். பந்தயம் வைக்கிற வெறும் பிளாஸ்டிக் சிப் வாங்கியாச்சு, அஞ்சு நிறம். இனி அச்சு வெட்டுறவனுக்குப் படம் குடுத்தாச் சரி. கமலாக்கா, நீங்கள் சொல்லுங்கோவன்.

— நான் என்னத்தைச் சொல்ல, தம்பி? சிப்ஸ் எண்டால் எனக்கு உருளைக்கிழங்குதான் தெரியும். ஆனா ஒண்டு. என்ர பட்டன் போட்டு வைக்கிற தகரப் பேணி எனக்குத் திரும்பி வருமெண்டால் புண்ணியம். நீங்கள் விளையாடத் துவங்கின நாள்முதல் நான் வீட்டில தைச்சுக் குடுக்கிற ஒரு கோட்டுக்கும் ஒரே சோடி பட்டன் எனக்குக் கிடைக்கேல்லை. பக்டறிக்காரன் ஒவ்வொரு முறையும் என்னைத்தான் ஏசுறான்.

— பட்டனை வச்சு போக்கர் ஆடின சுகமே தனி, அண்ணி. ஓவர்கோட் பட்டன் அஞ்சு, சட்டை பட்டன் ஒண்ணு. எல்லாம் உங்க வீட்டுக்காரர் லிங்கம் போட்ட ரூல்.

— ஓம், அவர்தான். பிஸ்கட் பக்டறியில வேலை செய்யேக்கை ஒரு ஐரிஷ்காரனிட்டைப் பழகிக்கொண்டு வந்தவர். ஞாயிற்றுக்கிழமை மழை. வெளியில போனாக் குளிர். உள்ளுக்கை நீங்கள் ரெண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில ஊர்ச் செய்தியைக் கேட்டுப்போட்டு மூஞ்சையைத் தூக்கி வைச்சிருப்பியள். உதைப் பாக்கேலாமல்தான், வாங்கோடா ஒரு விளையாட்டுக் காட்டுறன் எண்டவர்.

— எண்பத்தி நாலு, இல்லையா? நான் இந்த வீட்டு மாடியில முன்ரூம்ல வாடகைக்கு இருந்தேன். குகா அந்தச் சின்ன ரூம்ல.

— அது றூம் இல்லை அண்ணை, அலுமாரி. காலை நீட்டினாக் கதவு திறபடும். அகதியா வந்திறங்கினவனுக்கு அதுவும் பெரிய மாளிகைதான். நீங்கள் லிங்கமெண்டு கூப்பிடுற யோகண்ணைதான் எயார்போட்டுக்கே வந்து கூட்டிக்கொண்டு வந்தவர். கையில தன்ர இன்னொரு கோட்டையும் கொண்டந்தவர். எனக்குக் கோட்டு இராதெண்டு அவருக்குத் தெரியும்.

— சரி சரி, பழசைக் கிளறாமல் படத்தைச் சொல்லுங்கோ. சிவப்புக்குப் பஸ். ஏன் பஸ்?

— நரசிம்மன் அண்ணை நைட் ஷிப்ட் முடிச்சு பஸ்ஸில நித்திரையாகி, டிப்போ வரைக்கும் போனாரே, அதுக்கு. ட்றைவர் தட்டி எழுப்ப, இவர் அவனை ரத்தம் குடுக்க வந்த நோயாளியாக்கும் எண்டு நினைச்சு அவன்ர கையைப் பிடிச்சு நரம்பு தேடினவர்.

— ஆஸ்பத்திரி லேப்ல வேலை பாக்குறவனுக்கு அந்தக் கஷ்டம் உண்டு. அத போய் சிப்ல அடிக்கணுமா?

— அடிக்கோணும். நீலத்துக்கு என்ன?

— மண்ணெண்ணெய் அடுப்பு போடு. அந்தக் குளிருக்கு வச்சிருந்தோமே, ஹீட்டர். நீலமா எரியும். அதச் சுத்திதானே உக்காந்து ஆடுவோம்.

— நல்லாச் சொன்னியள். வெள்ளைக்குத் தேத்தண்ணிக் கேத்தில். பச்சைக்கு?

— பச்சைக்குக் கோப்பை கழுவுற கையுறையைப் போடுங்கோ. தோத்தவர்தானே கழுவுறது. காசுக்கு விளையாடினா இந்த வீட்டில சோறில்லை எண்டு நான் சொன்னபடியாலதான் உந்தச் சட்டம் வந்தது. எனக்கு அதைப்போல ஒரு நன்மை ஒருத்தரும் செய்யேல்லை.

— கையுறை! அக்கா, நீங்கள்தான் ஆர்ட்டிஸ்ட். இந்தா, படம் கீறிப்போட்டன். அப்ப இன்னும் கறுப்பு ஒண்டுதான். அதுதான் எல்லாத்திலயும் பெரிய சிப். அதுக்கு என்னண்டா, நான் ஒரு யோசினை வைச்சிருக்கிறன்...

— குகா.

— என்ன, அண்ணை?

— டீ குடிக்கலாமா முதல்ல? அண்ணி, தப்பா நெனைக்காதீங்க, ஒரு டீ கிடைக்குமா?

— இதிலென்ன தப்பு? இருங்கோ, தேத்தண்ணியும் போட்டு வடையும் சுடவைச்சுக்கொண்டு வாறன். நீங்கள் கீறுங்கோ.

— அறிவிருக்கா உனக்கு? அவங்க முன்னாடி எதுக்கு கறுப்புப் பேச்சை எடுத்தே?

— நான் கெட்டதா ஒண்டும் சொல்ல வரேல்லையே. யோகண்ணையின்ர பேரை அடிப்பம் எண்டுதான்.

— மெதுவாப் பேசு. பேரை அடிச்சா என்ன அர்த்தம்? நம்ம ரெண்டு பேர் பேரும் எதுலயாவது இருக்கா? பஸ்ஸு, கெட்டிலு, கையுறை. அவன் பேர் மட்டும் தனியா, கறுப்புல. சமாதிக் கல்வெட்டு மாதிரி.

— பின்னை என்ன செய்ய? துவக்கினவரை விட்டுப்போட்டு அடுப்பையும் பஸ்ஸையும் அடிக்கிறதோ?

— ரெண்டு வருஷமாச்சு குகா. அம்மாவக் கூட்டிட்டு வரேன்னு ஊருக்குப் போனான். அந்தம்மா ஊரை விட்டு வர மாட்டேன்னுட்டாங்க. தனியாத் திரும்புறேன்னு சொல்லி அனுப்பினான். கிளாலிக் கடலேரியில, நேவிக்காரன் சுடுவான்னு பயந்து எல்லாரும் போற மாதிரி ராத்திரியில போட் ஏறினான். அவ்வளவுதான் நமக்குத் தெரியும். ஏறினதைப் பாத்தவன் இருக்கான், இறங்கினதைப் பாத்தவன் யாரும் இல்லை.

— எனக்குத் தெரியாதே? செஞ்சிலுவைக்காரரைக் கேட்டு, கொழும்பில ஆளைப் பிடிச்சு, வவுனியாவில ஒவ்வொரு முகாமா விசாரிச்சது ஆர்? நான்தானே. அண்ணை, ஒண்டு கேக்கிறன். நீங்கள் மெய்யா நம்புறியளோ, அவர் வருவாரெண்டு?

— நான் நம்புறதும் நம்பாததும் கிடக்கட்டும். அண்ணி நம்புறாங்க. நெத்தியில பொட்டு இருக்கு. பீரோவுல அவன் சட்டை இஸ்திரி போட்டு மாட்டியிருக்கு. போன வாரம் பாத்தேன், அவன் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுட்டிருந்தாங்க. நாம ஒரு விளையாட்டுச் சாமானைக் காட்டி அதக் கெடுக்கணுமா?

— எனக்கு அந்த ஷூவைப் பாக்க ஏலாமக் கிடக்கு, அண்ணை. ஞாயிற்றுக்கிழமை இஞ்சை வாறதுக்கு எட்மண்டனில ரெண்டு பஸ்ஸை விட்டுப்போட்டுத்தான் ஏறுறனான். வராமலும் இருக்க ஏலாது.

— எனக்கு மட்டும் என்ன? வெம்பிளியிலேர்ந்து வர்றேன். என் சம்சாரம் வத்சலா கேக்குறா, அப்படி என்ன சீட்டாட்டம், வாராவாரம்னு. என்ன பதில் சொல்ல? கேளு, நான் சொல்றதச் செய். கறுப்ப வெறுமையா விட்டுடு. லிங்கம் வந்து தனக்கு என்ன வேணும்னு அவனே சொல்லட்டும். அப்படிச் சொன்னா அண்ணிக்கும் சந்தோஷம்.

— வெறுமையாவோ?

— வெறுமையா. வர்றாங்க. மூஞ்சியத் தொடை.

— இந்தாங்கோ, சுடச்சுடக் குடியுங்கோ. என்ன தம்பி, கண் சிவந்து கிடக்கு?

— ஒண்டுமில்லை அக்கா. என்னண்டா... கறுப்பை வெறுமையா விடுவம் எண்டு நரசிம்மன் அண்ணை சொல்லுறார். யோகண்ணை வந்து என்ன படம் வேணுமெண்டு சொல்லட்டுமாம். நல்ல யோசினைதானே?

— ஆமா, அண்ணி. அவனுக்குன்னு ஒதுக்கி வச்ச மாதிரி இருக்கும்.

— வெறுமையா விடவேண்டாம்.

— அப்ப படம் நீங்கள் சொல்லுங்கோ. நான் கீறுறன்.

— படம் வேண்டாம். அவற்ற பேரைப் போடுங்கோ.

— பாத்தியளே, அண்ணை! நானும் அதைத்தான்... சரி அக்கா. யோகலிங்கம். இந்தா, எழுதிப்போட்டன்.

— பேருக்குக் கீழ வருஷம் போடுங்கோ.

— எண்பத்தி நாலா, அண்ணி? நாம ஆட ஆரம்பிச்ச வருஷம்?

— இல்லை. ஐம்பத்திரண்டு.

— ஐம்பத்திரண்டு... அது அண்ணை பிறந்த வருஷமெல்லோ?

— ஓம். அதுக்குப் பக்கத்தில ஒரு கோடு இழுத்து, தொண்ணூற்றி மூண்டு எண்டு போடுங்கோ.

— அக்கா!

— பேனையைக் கீழ வைக்காதையுங்கோ, தம்பி. போடுங்கோ.

— அண்ணி, நீங்க அடுக்களையில இருந்தப்போ நாங்க பேசினது உங்க காதுல விழுந்துதா? மன்னிச்சுக்குங்க. நாங்க அந்த அர்த்தத்துல சொல்லலை. எந்தத் தகவலும் இல்லாம நாமளா ஒரு முடிவுக்கு வரக்கூடாது.

— தகவல் இருக்கு, அண்ணை.

— யார் சொன்னா? எப்போ?

— போன மாசம். சீலைக்குப் போடுற சட்டை தைக்க ஒரு பிள்ளை வந்தது. லலிதா எண்டு பேர். புதுசா வந்து ஈஸ்ட்ஹாமில இருக்குது. தமையனுக்குக் கலியாணமாம். கை அளவு எடுக்கேக்கை பாத்தன், தோளில இருந்து முழங்கை மட்டும் ஒரு தழும்பு. என்ன பிள்ளை இதெண்டு கேட்டன். கிளாலியில வள்ளம் கவிழேக்கை வெட்டினது எண்டுது.

— அதே போட்டா?

— எனக்கென்ன தெரியும் அப்ப? நானும் ஊர்க்கதை கேக்கிற மாதிரித்தான் கேட்டன். இருட்டுக்கை வெடிச்சத்தமாம். வள்ளம் ஒரு பக்கம் சரிஞ்சு எல்லாரும் தண்ணிக்கை. கழுத்தளவு தண்ணி, கீழ சேறு. லலிதாவின்ர கையில அவவின்ர மூண்டு வயசு மகள். கை வெட்டுப்பட்டுப் பிள்ளை நழுவிட்டுது. பக்கத்தில நிண்ட ஒரு ஆள் எட்டிப் பிடிச்சுத் தலைக்கு மேல தூக்கிக்கொண்டு நிண்டவராம். அடுத்த வள்ளம் வருமட்டும் கையை இறக்கேல்லையாம். அழாதை, அழாதை எண்டு பிள்ளைக்குச் சொல்லிக்கொண்டே நிண்டவராம். வள்ளம் வந்து பிள்ளையை வாங்கினாப் பிறகு அவரைத் தூக்கேக்கைதான் தெரிஞ்சதாம், வயித்தில காயமெண்டு.

— மெய்யே அக்கா... அது யோகண்ணையெண்டு என்னெண்டு தெரியும்? ஆராவும் வேற ஆளா இருக்கலாமெல்லோ?

— நானும் அப்படித்தான் நினைச்சன். நினைக்கத்தான் பாத்தன். அக்கரையில கொண்டுபோய்க் கிடத்திப்போட்டு, ஆரெண்டு பாக்க ஜக்கெற்றைத் துழாவினவையாம். உள்ளுக்கை ஒரு பொக்கற், ஊதா நூலால தைச்சதாம். கிழிஞ்சு வெறுமையாக் கிடந்ததாம். தையல்காரி எண்டபடியா என்னட்டை அதைச் சொன்னது லலிதா. கறுத்த ஜக்கெற்றில ஆர் அக்கா ஊதா நூலால தைப்பினம் எண்டு சிரிச்சுது. பாஸ்போட் வைக்கவெண்டு அவர் போற அண்டைக்கு விடிய அவசரத்தில தைச்சனான். கறுத்த நூல் முடிஞ்சு போச்சு.

— குகா, தண்ணி குடி. குடிப்பா. அண்ணி, நீங்க உக்காருங்க.

— நான் இருக்கிறன். எனக்கு ஒண்டுமில்லை. விடியுமட்டும் உயிர் இருந்ததாம். தண்ணி கேட்டவராம், லலிதாதான் தன்ர சீலைத் தலைப்பைப் பிழிஞ்சு வாயைத் துடைச்சுப்போட்டுத் தண்ணி பருக்கினதாம். பேர் கேக்கக் கேக்க வாய் அசைஞ்சதாம், சத்தம் வரேல்லையாம். அங்கையே எரிச்சவை. அந்தத் தமையன்தான், இப்ப கலியாணம் செய்யப்போறானே, அவன்தான் கொள்ளி வைச்சவன்.

— ஒரு மாசமா... இவ்வளவையும் மனசுல வச்சுக்கிட்டு எங்களுக்கு வாராவாரம் வடை சுட்டுப் போட்டீங்களா, அண்ணி?

— நீங்கள் வாறனீங்கள்தானே. வந்து இருந்து, சிரிச்சு, சண்டை பிடிச்சு, கோப்பை கழுவிப்போட்டுப் போறனீங்கள். சொன்னால் அண்டையோட நிண்டுபோகுமெண்டு பயந்தன்.

— நிக்காது அக்கா. நான் செத்தாலும் நிக்காது. லலிதாவுக்குச் சொன்னியளோ, அது உங்கட மனிசன் எண்டு?

— இல்லை. அளவு நாடா கையில இருந்தது. வாயைத் திறந்தா என்ன வருமெண்டு தெரியேல்லை. கழுத்து எவ்வளவு இறக்கம் வேணுமெண்டு கேட்டுப்போட்டு விட்டிட்டன்.

— இப்போ சொல்லப்போறீங்களா?

— அடுத்த ஞாயிறு சட்டை எடுக்க வருவா. மகளையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னனான். அதுக்கு இப்ப அஞ்சு வயசு. லண்டனில இருந்து வந்த ஆள் எண்டு மட்டும் வள்ளம் ஏறக் கரையில நிக்கேக்கை ஆரோ சொன்னதாம், அதால படுக்க முன்னம் சாமி கும்பிடேக்கை ‘லண்டன் மாமா’ எண்டுதான் அந்தப் பிள்ளை சொல்லுறதாம். அவருக்கு ஒரு பேர் இருக்கெண்டு அதுக்குத் தெரியாது.

— அக்கா, சனிக்கிழமையே அடிச்சுக்கொண்டு வாறன். முதல் சிப்பு உங்கட கையில தாறன்.

— என்ர கையில வேண்டாம், அந்தப் பிள்ளையின்ர கையில குடுங்கோ. தமிழில போடுங்கோ, தம்பி, நல்லாப் பெரிசா. அது இப்பதான் எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகுது.