ஓம் சொல்ல விடுங்கோ

இல்லைத் தம்பி, நான் சண்டைக்கு வரேல்ல. சண்டைக்கு எண்டா ரபீக்காவைத்தான் அனுப்பியிருப்பினம். இருங்கோ. நீங்கள் அந்தக் கதிரையில இருங்கோ, எனக்கு இந்த வாங்கு காணும். தேத்தண்ணி வேண்டாம், குடிச்சிட்டுத்தான் வந்தனான். நீங்கள் குடியுங்கோ. காலமை வெள்ளன றேடியோவில அந்தளவு கத்தினா தொண்டை காயும்தானே.

சஜீத் எண்டுறது நீங்கள்தானே? சரி. பஸ் ஸ்ராண்டில ஒட்டியிருக்கிற படத்தில தலைமயிர் இன்னும் நீட்டா இருக்கு, அதுதான் கேட்டனான். கிண்ணியாதானே ஊர்? உங்கட உம்மா உந்தத் தலைமயிருக்கு ஒண்டும் சொல்லுறேல்லையோ? சொல்லுறவவோ. அப்ப நான் சொல்லத் தேவையில்லை.

என்ட பேர் குணமணி. ஜெற்றிக்குக் கிட்ட, மீன் வாடிக்குப் பின்னால ஒரு ஒழுங்கை போகுது பாருங்கோ, அதில கடைசி வீடு. ஒழுங்கைச் சனம்தான் என்னை அனுப்பினது. நேற்றுப் பின்னேரம் எல்லாரும் கூடிக் கதைச்சவை. ரபீக்கா தான் போறன் எண்டு ஒற்றைக்காலில நிண்டவ. அவ பக்கத்து வீடு, இடியப்பம் அவிச்சு விக்கிறவ. நல்ல மனுசி, ஆனா வாயைத் திறந்தாப் பொலிஸ் வரும். அதால என்னைப் பிடிச்சவை. குணமணியக்கா ஆறுதலாக் கதைப்பா எண்டு. நான் ஆறுதலாக் கதைக்கிறேல்ல தம்பி. களைச்சுப்போய்க் கதைக்கிறன், அது ஆக்களுக்கு ஆறுதல் மாதிரிக் கேக்குது.

முதல்ல ஒழுங்கைக்காரற்ற முறைப்பாட்டைச் சொல்லிப்போடுறன். எனக்கும் ஒரு அலுவல் இருக்கு, அது பேந்து.

உங்களில ஒருத்தருக்கும் தனிப்பட்ட கோவம் இல்லை. செல்லத்தம்பி அண்ணை இருவது வருசத்துக்கு மேல காலமையில இந்த றேடியோவில கதைச்ச மனுசன். இளம் ஆக்கள் கேக்கினமில்லை எண்டு சொல்லி அவரை நிப்பாட்டிப்போட்டு, றொக் பாட்டுக்காரனான உங்களைக் கொண்டுவந்து இருத்தியிருக்கினம். அது உங்கட பிழை இல்லை. கூப்பிட்டா வரத்தானே வேணும். இளம் ஆள் எண்டு எங்கட ஒழுங்கையில இருக்கிறது ஜுமானா மட்டும்தான், ரபீக்காவின்ட மகள். அவவுக்கு உங்கட பாட்டு நல்ல விருப்பம். ஆனா காலமையில இல்லையாம், மத்தியானத்துக்குப் பிறகுதானாம்.

முதல் நாள் நீங்கள் வந்து, ஏய் ட்ரிங்கோ, எண்டு ஊரைக் கூப்பிட்டு ஒரு சத்தம் போட்டீங்கள் பாருங்கோ, ரபீக்கா இடியப்ப உரலைக் காலில போட்டவ. பெருவிரல் நகம் போச்சு. உங்களிட்டக் காட்டச் சொல்லிப் படம் எடுத்துத் தந்தவ, ஃபோனில இருக்கு. வேண்டாமோ? சரி. காட்டினனான் எண்டு சொல்லுறன்.

பேந்து மரண அறிவித்தல். வாசிச்சு முடிச்சிட்டு, நன்றி, நன்றி எண்டுறீங்கள். மேடையில பாடிப் பழகின வாய், எனக்கு விளங்குது. ஆனா செத்த வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டிருக்கினம் தம்பி. ஆரின்ட சாவுக்கு ஆர் ஆருக்கு நன்றி சொல்லுறது? அதையும் கொஞ்சம் பாருங்கோ.

உதெல்லாம் சின்ன விசயம். பெரிய விசயம் ஓம்.

ஓம் தம்பி, ஓம்தான். சாமிக்குச் சொல்லுற ஓம் இல்லை, மறுமொழிக்குச் சொல்லுற ஓம். அப்ப உங்களுக்கு ஒருத்தரும் சொல்லித் தரேல்ல.

செல்லத்தம்பி அண்ணை என்ன செய்யிறவர் எண்டா, மரண அறிவித்தலை வாசிச்சு முடிச்சு, கடல் எப்பிடி, காத்து எப்பிடி எண்டு சொல்லிப்போட்டு, எழும்பிட்டீங்களோ எண்டு கேப்பார். மெதுவா. அடுத்த அறையில நிண்டு கேக்கிற மாதிரி. கேட்டிட்டுக் கொஞ்ச நேரம் பேசாம இருப்பார். அந்த நேரத்தில நாங்கள் ஓம் எண்டு சொல்லவேணும்.

ஆர் சொல்லச் சொன்னதோ? ஒருத்தரும் சொல்லச் சொல்லேல்ல. ஒரு மனுசன் கேட்டா மறுமொழி சொல்லத்தானே வேணும். குசினிக்க நிண்டு நான் ஓம் எண்டுவன். மதிலுக்கு அங்கால ரபீக்கா ஓம் எண்டுவா. முன்வீட்டில பல்லுத் தீட்டிக்கொண்டே ஒரு ஓம் வரும், வாடிக்க இருந்து ஐஞ்சாறு ஓம் ஒண்டா வரும். பேந்துதான் அவர், அப்ப சரி, எண்டுவார். அதுக்குப் பிறகுதான் எங்களுக்கு விடியிறது. ஒருநாள் முன்வீட்டு ஓம் வரேல்ல. ரபீக்கா ஓடிப்போய்ப் பாத்தா, அந்த மனுசி கிணத்தடியில வழுக்கி விழுந்து கிடக்கிறா. இடுப்பெலும்பு. ஓம் வராததாலதான் கெதியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகக்கூடியதா இருந்தது.

நீங்களும் அதே கேள்வியைத்தான் கேக்கிறீங்கள். ஆரோ எழுதித் தந்திருப்பினம். ஆனா கேட்ட கையோட, மூச்சு விட நேரமில்லாம, டமார் எண்டு கித்தார். முதல் நாள் வாடிக்காரர் ஓம் எண்டு சொல்ல, அது பாட்டுக்குள்ள அமுங்கிப்போய், ஆளையாள் பாத்துக்கொண்டு நிண்டவையாம். கேள்வியையும் கேட்டிட்டு மறுமொழிக்கு நிக்காமப் போறவனோட என்ன கதை எண்டு ரபீக்கா றேடியோவைத் துணியால மூடி வைச்சிருக்கிறா.

தம்பி, றோட்டில திரியிற மான் ஒண்டு வாசலுக்கு வந்திட்டுது, அதைக் கொஞ்சம் கலைச்சு விடுங்கோ. பைக்குள்ள வாழைப்பழம் இருக்கு, அதுக்குத் தெரிஞ்சுபோச்சு. அவருக்கு வாங்கினது.

என்ட மனுசனுக்கு. தவராசா. உங்கட வாப்பாவைக் கேட்டுப் பாருங்கோ, தெரிஞ்சிருக்கும். மூதூருக்குக் கடலால போற லோஞ்சுக்கு ஆக்களைக் கூப்பிட்டு ஏத்தினவர். இவர் இஞ்ச ஜெற்றியில நிண்டு கூப்பிட்டா, அங்கால கட்டைபறிச்சானில மாடு திரும்பிப் பாக்கும் எண்டு பகிடி பண்ணுவினம். வீட்டிலயும் அதே சத்தம்தான். கறிக்கு உப்புக் காணாது எண்டுறதையும் லோஞ்சு வெளிக்கிடுற மாதிரித்தான் சொல்லுவார். கத்தாதேங்கோ, கத்தாதேங்கோ எண்டு சொல்லிச் சொல்லியே நான் கிழவியாப் போனனான். பேந்து பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துப்போட்டுது. கதையும் போச்சு. மூண்டு வருசமா வீட்டில நல்ல அமைதி. நான் கேட்ட அமைதிதான். அந்த அமைதியில எனக்கு விசர் பிடிக்கப் பாத்தது தம்பி.

ஆஸ்பத்திரியில கதைக்கப் பழக்கிற பிள்ளை ஒண்டு இருக்கு, நிரோஜினி எண்டு. பாவம், அவவும் கோப்பைப் படம், கரண்டிப் படம், பூனைப் படம் எண்டு காட்டிக் காட்டிப் பாத்தவ. இவர் பூனையைப் பாப்பார், அவவைப் பாப்பார், சும்மா இருப்பார். ஆனா காலமையில செல்லத்தம்பி அண்ணை எழும்பிட்டீங்களோ எண்டு கேட்டா, கட்டிலில படுத்தபடி, ஓம், எண்டுவார். வடிவாச் சொல்லுவார். ஒரு நாளைக்கு அந்த ஒரு சொல்லுத்தான். மற்றபடி ஒண்டும் இல்லை.

நானும் கேட்டுப் பாத்தனான். மத்தியானம் கேட்டனான், பின்னேரம் கேட்டனான். செல்லத்தம்பி அண்ணை மாதிரிக் குரலைத் தாழ்த்தியும் கேட்டனான். ம்ஹூம். எனக்குப் பொறாமையாத்தான் இருந்தது. கலியாணம் கட்டினது நான், மறுமொழி செல்லத்தம்பிக்கு. ஆனா அந்த ஒரு ஓமைக் கேக்கத்தான் நான் விடிய எழும்பிறனான், அதையும் சொல்லத்தானே வேணும்.

நீங்கள் வந்தாப்போல அதுவும் போச்சு.

தெரியும், உங்களுக்குத் தெரியாது. தலையைக் குனியாதேங்கோ, தேத்தண்ணி ஊத்துப்படப் போகுது. முதல் நாள் அவர் சொல்லத்தான் வாயைத் திறந்தவர். அதுக்குள்ள உங்கட கித்தார் வந்திட்டுது. திறந்த வாய் திறந்தபடி கனநேரம் இருந்தது. நான்தான் நாடியைத் தொட்டு மூடி விட்டனான். அடுத்த நாள் அவர் திறக்கேல்ல. அதுக்குப் பிறகும் திறக்கேல்ல. இந்த ரெண்டு கிழமையும் உங்களைத் திட்டாத திட்டு இல்லைத் தம்பி. பின்னால நிண்டு திட்டினதை முகத்துக்கு நேர சொல்லிப்போட வேணும், அதால சொல்லுறன்.

அண்ணையின்ட பழைய பதிவைப் போட்டுக் காட்டுறதோ? அதையும் செய்து பாத்தம். ஜுமானா செல்லத்தம்பி அண்ணையின்ட பழைய நிகழ்ச்சி ஒண்டை ஃபோனில தேடி எடுத்துத் தந்தவ. விடிய அவற்ற காதடியில வைச்சுப் போட்டனான். அதில அண்ணை, பலத்த மழை, கடலுக்குப் போகாதேங்கோ எண்டுறார். வெளியில நல்ல வெயில். லோஞ்சில நிண்ட மனுசன் இல்லையோ, யன்னலைப் பாத்தார், ஃபோனைப் பாத்தார், பேந்து என்னைப் பாத்தார். என்னை மடைச்சி எண்டு நினைக்கிறார் எண்டு விளங்கிச்சு.

அதுக்குப் பிறகுதான் ரபீக்காவும் நானும் ஓட்டோ பிடிச்சுச் சாம்பல்தீவுக்குப் போனது, செல்லத்தம்பி அண்ணையின்ட வீட்டுக்கு. திரும்பி வரச் சொல்லிக் கேப்பம், வேணுமெண்டா நாங்கள் எல்லாரும் வந்து இந்த வாசல்ல இருப்பம் எண்டு. போகேக்க நல்லா விடிஞ்சு, வெயில் ஏறியிட்டுது. அவற்ற மனுசி வந்து, ஆள் நித்திரை எண்டுறா. ஊரையே எழுப்பின மனுசன் தம்பி. இருவது வருசம் விடியப்புறத்தில எழும்பினவர், இப்பத்தான் படுக்கிறார், எழுப்பாதேங்கோ எண்டு அவ கையெடுத்துக் கும்பிட்டவ. காத்துக்கொண்டு இருந்தம். பேந்து சாரனோட எழும்பி வந்தார். முகம் அப்பிடியே பளபளக்குது. திரும்பி வரமாட்டாராம். நித்திரை எவ்வளவு ருசி எண்டு தனக்கு இவ்வளவு நாளும் தெரியாதாம்.

சரி, வராட்டிப் போகட்டும், எழும்பிட்டீங்களோ எண்டு கேட்டிட்டு எங்கட ஓமுக்கு எவ்வளவு நேரம் விடுறனீங்கள், அதையாவது சொல்லித் தாங்கோ, அந்தப் பெடியனிட்டச் சொல்லுறம் எண்டு நான் கேட்டனான். அவர் என்ன சொன்னவர் தெரியுமோ? என்ன ஓம்? எண்டவர்.

ஓம் தம்பி. அவருக்குத் தெரியாது. மரண அறிவித்தல் வாசிச்சா வாய் காயுமாம். கேள்வியைக் கேட்டிட்டு ஒரு மிடறு தேத்தண்ணி குடிக்கிறவராம். அப்ப சரி எண்டது, கோப்பையைக் கீழ வைச்சாப்போல வாயில வாற பழக்கமாம். நாங்கள் இவ்வளவு வருசமும் ஒரு மனுசன் தேத்தண்ணி குடிக்கிறதுக்கு ஓம் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறம்.

வரேக்க ரபீக்கா ஓட்டோவுக்குள்ள ஒரு கதையும் இல்லை. அவ கதைக்காம வந்ததை நான் அண்டைக்குத்தான் கண்டனான். ஒழுங்கை முகப்பில இறங்கேக்க மட்டும் சொன்னவ, குணமணியக்கா, இதை நாங்கள் ஒருத்தருக்கும் சொல்லுறேல்ல எண்டு. உங்களுக்குச் சொல்லிப்போட்டன். நீங்கள் அடுத்த ஊர், பறவாயில்லை.

அதால ஒழுங்கைக்காரர் கேக்கிறது இவ்வளவுதான். கேள்வியைக் கேட்டிட்டு ஒரு மிடறு குடியுங்கோ. பேந்து கித்தாரை அடியுங்கோ. ஆரும் உங்களை வீட்டுக்குப் போகச் சொல்லேல்ல.

செய்யிறீங்களோ? நாளையில இருந்தோ? சத்தியமா? பாட்டையும் மாத்திப்போடுறீங்களோ, மெதுவான பாட்டா? நல்ல பிள்ளை நீங்கள். இவ்வளவு லேசா முடியுமெண்டு ரபீக்கா நம்பமாட்டா.

அப்ப ஒழுங்கைக்காரற்ற அலுவல் முடிஞ்சுது. இனி என்ட அலுவல்.

பாட்டை மாத்தாதேங்கோ. இண்டைக்குக் காலமை நீங்களே கித்தாரை வைச்சுப் பாடினீங்களே, அந்தக் கண்டறியாத பாட்டு. நடுவில ஆரோ கழுத்தை நெரிக்கிற மாதிரி ஒரு கத்தல் வருமே. ஓம், அதுதான். அதை நாளைக்கும் பாடுங்கோ. நாளையிண்டைக்கும் பாடுங்கோ.

இல்லை, எனக்குப் பிடிக்கேல்ல. பொய் சொல்லி என்ன காணப் போறன், கேக்க ஏலாது தம்பி அதை.

நான் குசினிக்க தேங்காய் திருவிக்கொண்டு இருந்தனான். நீங்கள் கத்துறீங்கள். கத்தி முடிய முதல், அறைக்குள்ள இருந்து குணம் எண்டு ஒரு குரல். எனக்கு ஆரெண்டு விளங்கேல்ல. குணம் எண்டு என்னைக் கூப்பிடுற ஆள் ஒராள்தான், அவர் கதைக்கிறேல்ல. ஓடிப்போய்ப் பாத்தா, முகமெல்லாம் சிவந்து, ஏலுமான கையால கட்டில் சட்டத்தில அடிச்சு அடிச்சுச் சொல்லுறார். குணம், உந்தக் குறுக்கால போவானை நிப்பாட்டு. முழுசாச் சொன்னவர். ஒரு சொல்லு விடேல்ல. குறை நினையாதேங்கோ, லோஞ்சில ஏத்தின ஆக்கள் எல்லாரையும் அவர் அப்பிடித்தான் கூப்பிடுறவர்.

ரபீக்காவுக்கும் இன்னும் சொல்லேல்ல. கையில பாதித் தேங்காயோட நிண்டு அழுதனான். அவர் திரும்பவும் சொல்லுறார், நிப்பாட்டன் குணம், எண்டு.

நான் நிப்பாட்டேல்லத் தம்பி. கிட்டப் போய்ச் சத்தத்தைக் கூட்டி விட்டனான்.